ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்

அத்தியாயம் 3

காணாமல் போன மனிதரே பேசி, தான் காணாமல் போகவில்லை என்று சொல்லிவிட்டால் போலீசுக்கு அதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. இன்ஸ்பெக்டர் சுந்தர்சிங் அந்த நிம்மதியோடுதான் மில்லர்புரம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, டயானா கொடுத்த காபியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பாவே பேசியிருக்காவ. நல்லா இருக்கேன்னு சொல்லுதாவ. பெறவு என்னம்மா காணாமப் போன கேஸு?”

“கடைசியில நம்பரத் தப்பாச் சொல்லுதாவ சார்,” என்றாள் டயானா.

“நம்பரத் தப்பாச் சொன்னதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட்டா, தூத்துக்குடில பாதிப் பேர உள்ள வைக்கணும். மீதிப் பாதிக்கு எடம் பத்தாது.”

சுவரோரம் நின்ற ஜெரால்டு சிரிப்பை அடக்கிக்கொண்டான். சந்தனச்செல்வியிடம் உதவியாளனாகச் சேர்ந்தபோது, துப்பறிவது என்றால் துரத்துவது, சுவர் ஏறிக் குதிப்பது என்று அவன் கற்பனை செய்திருந்தான். முக்கால்வாசி நேரம் பிறத்தியார் வீட்டு ஹாலில் நிற்பதும், மிச்ச நேரம் அவர்கள் கொடுத்த காபியைப் பற்றித் தெருவில் வந்து அபிப்பிராயம் சொல்வதும்தான் வேலை என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

சந்தனச்செல்வி ஐம்பதைத் தொட்டவள். முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் துறைமுகத்தில் வேலை பார்த்தாள். கப்பலில் ஏறும்போது கொழுகொழுவென்று இருக்கும் முந்திரிக்கொட்டை இறங்கும்போது ஏன் மெலிந்துபோகிறது என்று விசாரிப்பது அவள் பொறுப்பு. கொட்டைகள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்துகொண்டதும் அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு மக்ரூன் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஏஜென்சி திறந்தாள். இப்போது அவள் சோபா நுனியில் உட்கார்ந்து, இன்ஸ்பெக்டரின் காபி தீருவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தாள்.

காணாமல் போனவர் டயானாவின் அப்பா பர்னபாஸ். ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். போன வாரம் விடிகாலையில் துறைமுகச் சாலையில் அவர் நடந்துகொண்டிருந்தபோது, உப்பளத்து வேலைக்குச் சைக்கிளில் போன செல்லக்கனி என்ற பெண்ணை ஒரு லாரி அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அந்த இடத்திலேயே உயிர் போயிற்று. பார்த்த ஒரே சாட்சி பர்னபாஸ். யார் கேட்டாலும், “எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட்கிட்ட சொல்லிக்கிடுதேன்,” என்றார். போலீஸ் ஸ்டேஷனில் சொன்ன விஷயம் கோர்ட்டுக்குப் போவதற்குள் பிறந்த ஊரை மறந்துவிடும் என்பது அவர் அபிப்பிராயம். ஆயுள் முழுக்க எண்களோடு குடித்தனம் நடத்தியவர். லாரி நம்பர் அவர் மண்டைக்குள் பத்திரமாக இருக்கிறது என்று ஊரே நம்பியது.

நாளைக் காலை வாக்குமூலம். நேற்றுச் சாயங்காலம், “பழைய மாணவன் ஒருத்தனுக்கு இன்னொரு சான்ஸ் குடுத்துட்டு வாரேன்ளா,” என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. இன்று காலை அவருடைய போனிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு வழியாகத் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். “இன்னொரு தடவ போடும்மா,” என்றாள் சந்தனச்செல்வி.

டயானா போனைத் தட்டினாள். பேராசிரியரின் கனத்த குரல் ஹாலை நிறைத்தது.

“டயானா, நான் நன்றாக இருக்கிறேன். நண்பர் ஒருவரைப் பார்க்க மதுரைக்கு வந்தேன். நாளை வர இயலாது. அந்த விபத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. என்னைத் தேட வேண்டாம். ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்தொன்று.”

“அந்த நம்பர் என்னது?” என்று கேட்டான் ஜெரால்டு. “மதுரைல ரூம் வாடகையா?”

டயானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அப்பாவோட கையெழுத்து மாதிரி அது. எந்த வகுப்பையும் அந்த நம்பரச் சொல்லித்தான் முடிப்பாவ. என்கிட்ட போன் பேசினாலும் அதச் சொல்லிட்டுத்தான் வைப்பாவ. ஆனா கடைசில முப்பத்து மூணுன்னு வரணும். இதுல முப்பத்தொண்ணுன்னு வருது. எனக்குப் பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியிருந்து கேக்குத நம்பர். தப்பாது.”

“அந்த முப்பத்து மூணுல என்ன விசேஷம்?” என்றாள் சந்தனச்செல்வி.

டயானா மேஜைமேல் விரலால் எழுதிக் காட்டினாள். 73939133. இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டால் 7393913. அதுவும் பகா எண். இன்னும் ஒன்றை வெட்டினால் 739391. அதுவும் அப்படியே. வாலை வெட்ட வெட்ட, 73939, 7393, 739, 73 என்று வந்து கடைசியில் ஏழு மட்டும் நிற்கும்வரை ஓர் இடத்திலும் குணம் மாறாது. இப்படி வெட்டுப்பட்டும் கெடாத எண்களில் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. இதன் பின்னால் எந்த இலக்கத்தைக் கொண்டுவந்து ஒட்டினாலும் கெட்டுப்போகும்.

“மனுசனும் இப்பிடி இருக்கணும்னு சொல்லுவாவ,” என்றாள் டயானா. “எவ்வளவு போனாலும் மிச்சம் இருக்கது சுத்தமா இருக்கணுமாம்.”

“எங்கூட்டு ரேஷன் அரிசி இதுக்கு நேர் எதிர்,” என்றான் ஜெரால்டு. “எவ்வளவு பொடைச்சாலும் மிச்சம் இருக்கது கல்லு.”

சந்தனச்செல்வி விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள். “மூணுக்குப் பதிலா ஒண்ணு போட்டா இலக்கமெல்லாம் கூட்டி முப்பத்தாறு வருது. அப்பம் ஒம்பதால வகுபடும். பகா எண்ணே இல்ல. ஆறாங்கிளாஸ் புள்ள கண்டுபிடிச்சிரும்.”

ஜெரால்டு போனில் கணக்குப் போட்டான். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை அவன் இரண்டு முறை எழுதினான். இரண்டு முறையும் பரீட்சைதான் ஜெயித்தது. அந்தப் பகையை இன்று தீர்த்துவிடுவது என்று இறங்கினான்.

“ஏழாலயும் போவுதுக்கா. ஒம்பதேழு அறுவத்துமூணு. புரிஞ்சிட்டு. சார் வேணும்னே தப்பாச் சொல்லித் துப்புக் குடுக்காவ. அறுவத்துமூவர். ஏதோ சிவன் கோயில்ல அடைச்சு வச்சிருக்கானுவ.”

“அவுக தெனம் காலைல பூசைக்குப் போற கத்தோலிக்கரு. கடத்துனவன் அவுகளக் கொண்டுபோய் நாயன்மார் சன்னதில வரிசையா நிறுத்தியிருக்கானாக்கும்.”

“கடத்துறவனுக்கு மதநல்லிணக்கம் இருக்கக் கூடாதா?”

சந்தனச்செல்வி டயானா பக்கம் திரும்பினாள். “அப்பா ஒன்னைய எப்பிடிக் கூப்பிடுவாவ?”

“ஏளான்னுதான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா, நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்.”

“இதுல டயானான்னு வருது. நன்றாக இருக்கிறேன், வர இயலாதுன்னு மேடைப் பேச்சு மாதிரி வருது.”

“கழுத்துல கத்திய வச்சா எனக்குங்கூட இலக்கணம் வரும்க்கா,” என்றான் ஜெரால்டு.

“கத்திய வச்சா பயம் வரும்லே. இந்தக் குரல்ல பயமும் இல்ல, கோவமும் இல்ல, மூச்சு வாங்குறதுங்கூட இல்ல. அப்பாவோட வகுப்பெல்லாம் யூடியூப்ல கெடக்குன்னு சொன்னேல்லாம்மா?”

“நூத்துக்கணக்குல கெடக்கு.”

“அதுலயிருந்து குரல எடுத்து ஏ.ஐ.ல போட்டுப் பேச வச்சிருக்கான். இது அவுக பேச்சே இல்ல. அவுக பேசியிருந்தா நம்பர் தப்பாது.”

“அப்பம், எவனோ ஒரு முட்டாள் எழுதுன வசனத்துக்கு நான் பொழிப்புரை எழுதிக்கிட்டு இருந்திருக்கேன்,” என்றான் ஜெரால்டு.

“உரை நல்லாத்தான் இருந்துச்சு. மூலந்தான் மட்டம்.”

டயானாவின் கண்கள் கலங்கிவிட்டன. அப்பா பேசவில்லை என்றால் அப்பா எப்படி இருக்கிறார் என்ற கேள்வி அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தனச்செல்வி அவள் கையைப் பிடித்தாள். அடைத்து வைத்தவன் பயந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. தைரியசாலியைவிடப் பயந்தவன்தான் ஆபத்து. நாளைக் காலை நெருங்க நெருங்க அவன் என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது.

“சரியான நம்பர் அவுக மாணவங்க எல்லாருக்கும் தெரியும். அத வச்சு ஒருத்தனையும் பிடிக்க முடியாது,” என்றாள். “ஆனா இந்தத் தப்பான நம்பர் ஊருல எத்தன பேருக்குத் தெரியும்?”

“கை தவறித் தப்பா அடிச்சிருந்தா?” என்றான் ஜெரால்டு.

“அப்பம் நமக்கு ஒண்ணுமில்ல. பழக்கத்துல அடிச்சிருந்தா ஆள் மாட்டுவான். சரிம்மா, அப்பாவோட பழைய மாணவங்கள்ல துறைமுகச் சாலைல லாரி விடுறவங்க யார் யாரு?”

டயானா யோசித்து மூன்று பெயர்களைச் சொன்னாள்.

முதல் ஆள் ஜாய்சன், கப்பல் ஏஜென்ட். கன்டெய்னர் லாரிகள் வைத்திருந்தான். பர்னபாஸ் பெயரைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். எண்ணைக் கேட்டதற்கு முழுதாகச் சொன்னதோடு நில்லாமல், ஒவ்வொரு வாலாக வெட்டிக் காட்டி ஏழில் கொண்டுவந்து நிறுத்தினான். எல்லாம் சரி. அடுத்தவர் உப்பு வியாபாரி சங்கரபாண்டியன் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். “வீட்டம்மா போன் நம்பர் கேட்டியன்னா எனக்குத் தெரியாது. இது தூக்கத்துலயும் வரும்,” என்றார். அதுவும் சரி.

“எல்லாவனும் நல்ல மாணவனா இருந்து நம்ம பொழப்பக் கெடுக்கானுவ,” என்று வண்டியைக் கிளப்பினான் ஜெரால்டு.

மூன்றாவது ஆள் சிவபாலன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஐஸ் கம்பெனி. வாசலில் இருந்த இங்கிலீஷ் பெயர்ப் பலகையில், தேவைக்கு மேல் இரண்டு ‘ஏ’யும் கடைசியில் ஒரு ‘என்’னும் வந்து குடியேறியிருந்தன. எழுத்துக்கூட்டி வாசித்தால் சிவாபாஆலன்ன் என்று, யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல வந்தது. முற்றத்தில் நின்ற லாரிகளின் நம்பர் பலகைகளுக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்திருந்தார்கள். 1089, 2187, 4635. ஐஸ் உடைக்கிற இயந்திரம் காது கிழிய அரைத்துக்கொண்டிருந்தது.

சிவபாலன் அவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து டீ வரவழைத்தான். நாற்பது வயது; மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை; அதற்குப் பொருத்தமாகக் கலையாத துக்கம்.

“சாருக்கு ஒண்ணுன்னா எனக்குச் சோறு இறங்காது மேடம். லாரி எதுவும் வேணுமா சொல்லுங்க. மதுர வர அனுப்பித் தேடச் சொல்லுதேன்.”

“சாரோட அந்த நம்பர் ஞாபகம் இருக்கா?” என்றாள் சந்தனச்செல்வி.

“எந்த நம்பரு? ஆமா, ஒண்ணு சொல்லுவாவ. ஏழு கோடின்னு ஆரம்பிக்கும்.” நெற்றியைத் தடவினான். “மறந்துட்டு மேடம். கணக்குல நான் எப்பவும் மட்டம்.”

இன்று சந்தித்தவர்களில் எண்ணை மறந்த முதல் ஆள். ஆனால் மறதிக்குச் சட்டத்தில் தண்டனை கிடையாது. இருந்தால் ஜெரால்டு பள்ளிக்கூடத்திலேயே உள்ளே போயிருப்பான். அவன் டீயைக் குடித்துவிட்டுப் போனைப் பார்த்தான். நெட் பேக் தீர்ந்திருந்தது. தீர்ந்தால் போடுவதற்குச் சந்தனச்செல்வி கொடுக்கிற சம்பளத்தில் இடமில்லை.

“அண்ணாச்சி, வைஃபை பாஸ்வேர்டு கிடைக்குமா?”

அந்த நேரம் சிவபாலனின் போன் அடித்தது. யார் என்று திரையைப் பார்த்துக்கொண்டே, வேறு நினைப்பில், சரளமாகச் சொன்னான்.

“செவன் த்ரீ நைன் த்ரீ, நைன் ஒன் த்ரீ ஒன்.”

ஜெரால்டு ஒவ்வொன்றாக அடித்தான். இணைப்பு வந்தது. அதற்குப் பிறகுதான், தான் என்ன அடித்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது. பெருவிரல் திரைமேலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து சந்தனச்செல்வியைப் பார்த்தான். அவள் கண்ணாடி வழியாக, முற்றத்துக்கு எதிரே இருந்த மாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்கன ரொம்பக் குளிருது,” என்று எழுந்தாள். “கொஞ்சம் வெளிய நின்னுட்டு வாரோம். நீங்க போன் பேசுங்க.”

முற்றத்தில், இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே, ஜெரால்டு அவள் காதருகே குனிந்தான். “மறந்துட்டுன்னான். மறக்கவே இல்லக்கா. தெனமும் பத்துப் பேருக்குத் தப்பாச் சொல்லிச் சொல்லித் தப்பே மனப்பாடமாயிட்டு.”

“லாரி நம்பரெல்லாம் கூட்டிப் பாரு.”

பார்த்தான். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. ஒன்றும் எட்டும் ஒன்பது.

“எவனோ ஒரு எண்சோதிடக்காரன் ஒனக்கு ஒம்பதுதான் ராசின்னு சொல்லியிருக்கான். பேர்ல எழுத்தச் சேத்தான். சாரோட நம்பர் சும்மா மண்டைல கெடந்துச்சு. அதப் பாஸ்வேர்டா வைக்கலாம்னு பாத்தா கூட்டல் முப்பத்தெட்டு வருது. கடைசி மூண ஒண்ணாக்கிட்டான். முப்பத்தாறு. ராசி வந்துட்டு.”

“ராசி வந்ததும் பகா எண் செத்துப்போச்சு.”

“கூட்டல் ஒம்பதுல நின்னா ஒம்பதால வகுபடும். சார்கிட்ட அதுங்கூடப் படிக்காம டிகிரி வாங்கியிருக்கான்.” அவள் மாடியைக் காட்டினாள். படிக்கட்டின் மேல் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்துச் சுவரில் ஏ.சி. பெட்டி தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “வெளிய வரும்போது, அது என்ன ரூம்னு டீ கொண்டுவந்தவன்கிட்ட கேட்டேன். பழைய சாமான் போட்ட குடோனாம். ஐஸ் கம்பெனில ஒடஞ்ச சாமானுக்கு ஏ.சி. போட்டு வைக்கானுவளாலே?”

“இன்ஸ்பெக்டரக் கூப்பிடுவோம்.”

“வைஃபை பாஸ்வேர்டுக்கு வாரண்ட் குடுக்க மாட்டாவ. வரச் சொல்லி வைக்கேன், வந்து சேரட்டும். அதுக்கு முன்னாடி நீ போய் அந்த மெஷின நிறுத்து.”

ஜெரால்டு சுற்றிப் பார்த்தான். சுவரில் ஒரு பெரிய கைப்பிடி இருந்தது. அதன் மேல், தொடாதே, மெயின் சுவிட்ச் என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள். இப்படி எழுதி வைத்தால் எவனுக்குத்தான் கை வராது. இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான்.

இரைச்சல் பட்டென்று நின்றது. கடலோரத்துக் காக்கைச் சத்தம்கூடக் கேட்டது. சிவபாலன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே ஓடி வந்தான்.

“ஏலே ஜெரால்டு,” என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள் சந்தனச்செல்வி. “கரண்டு போய் வைஃபையும் போச்சேலே. அந்த நம்பர் என்னது, மறுபடி சொல்லு.”

ஜெரால்டுக்குப் பிடிபட்டுவிட்டது. அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்து, மாடியைப் பார்த்துச் சொன்னான். “ஏழு கோடியே முப்பத்தொம்பது லட்சத்து முப்பத்தொம்பதாயிரத்து நூத்தி முப்பத்தொண்ணு.”

“அது பகா எண்ணாலே?”

“சுத்தமான பகா எண்ணுக்கா. பர்னபாஸ் சாரே சொல்லியிருக்காவ.”

“என்ன மேடம் இது,” என்று சிவபாலன் பக்கத்தில் வந்தான். அவன் முகத்தில் இருந்த துக்கம் இப்போது கொஞ்சம் கசங்கியிருந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் மாடியில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை எட்டிப் பழகிய ஒரு குரல்.

“எவம்லே அது பகா எண்ணுன்னு சொன்னவன்? ஒம்பதால வகுபடும்லே மூதி. கடைசில மூணு. நூத்தி முப்பத்து மூணு.”

ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். சிவபாலன் அவர்களைப் பார்த்தான்; வாசலைப் பார்த்தான்; வாசலில் ஜெரால்டு போய் நின்றுகொண்டதையும் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். படியேறிப் போய்ப் பூட்டைத் திறந்தான்.

பர்னபாஸ் மெதுவாக இறங்கி வந்தார். சட்டை கசங்கியிருந்தது, உடம்பில் காயம் எதுவும் இல்லை. கீழே வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் ஜெரால்டைத்தான் தேடினார்.

“நீயா சொன்னது?”

“தப்புத்தான் சார்.”

“இலக்கத்தக் கூட்டிப் பாத்தியா?”

“பாத்தோம் சார். வேணும்னுதான் சொன்னோம்.”

அவர் அவனை ஒரு கணம் பார்த்து, அரை மார்க் போடுவதுபோலத் தலையசைத்தார். சந்தனச்செல்வி தான் யார் என்று சொல்லி, டயானாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். “நான்தாம்ளா. இருக்கேன்ளா. அழாத, சவத்த விடு,” என்று மட்டும் பேசினார். எண்ணைச் சொல்ல வாயெடுத்தவர் ‘ஏழு கோடி’யோடு நின்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“நேத்துலயிருந்து மேலதான் இருந்திருக்கிய,” என்றாள் சந்தனச்செல்வி. “மெஷின் நிக்கும்போது ஒரு சத்தம் போட்டிருக்கலாமே சார்.”

“போட்டிருக்கலாம். நாளைக் காலை வரைக்கும் இவனுக்கு நேரம் குடுத்திருந்தேன், நீயே போய்ச் சொல்லிருன்னு. கதவப் பூட்டினான். பயந்துட்டான், பாவம்னு இருந்தேன். அவனே வந்து தொறப்பான்னு நெனச்சேன்.”

“தொறக்கலயே.”

“இல்ல.”

சிவபாலன் அவர் காலடியில் உட்காராத குறையாகக் குனிந்தான். “சார், நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க. என் டிரைவர் ஒருத்தன், தான்தான் ஓட்டுனதா ஒத்துக்கிட ரெடியா இருக்கான். அவன் குடும்பத்த நான் பாத்துக்கிடுதேன். அந்த லாரிக்கு நம்பர் பலகையும் மாத்தியாச்சு. நீங்க பாத்த நம்பர் இப்பம் எந்த லாரிலயும் இல்ல. நீங்க சும்மா இருந்தாப் போதும்.”

பர்னபாஸ் புரியாமல் அவனைப் பார்த்தார்.

“நான் எந்த நம்பரப் பாத்தேன்?”

“லாரி நம்பர். அதான் ஊரே சொல்லுதே, சாருக்கு நம்பர் தெரியும்னு.”

“எனக்குத் தெரியும்னுதாம்லே சொன்னேன். நம்பர் தெரியும்னு எவன்கிட்ட சொன்னேன்?” அவர் குரல் தணிந்திருந்தது. “ஒரு பொம்பள அடிபட்டு ரோட்டுல கெடக்கா. அங்கன நின்னுக்கிட்டு நம்பரக் கூட்டிப் பாத்துக்கிட்டு இருப்பனா? நீ பிரேக்கப் போட்டே. லாரி நின்னுச்சு. இறங்கி வருவான்னு நெனச்சேன். தலைய வெளிய நீட்டி அவளத் திரும்பிப் பாத்தே. பெறவு கியரப் போட்டுப் போயிட்டே. நான் ஒன் மூஞ்சியத்தாம்லே பாத்தேன் சிவபாலா.”

சிவபாலன் சுவரோரம் அடுக்கியிருந்த ஐஸ் கட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். வெள்ளை வேட்டி நனைவதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அந்த டிரைவர் யார் என்று ஜெரால்டுக்கு அப்போது தெரிந்தது: கூட்டத்தில் ஒரு மெலிந்த மனிதன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

வழக்கம்போல எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்த சுந்தர்சிங், முதலில் பேராசிரியரைப் பார்த்தார், அடுத்து ஐஸ் மேல் உட்கார்ந்தவனைப் பார்த்தார். “மதுரைக்குப் போயிருக்கறதால்ல சொன்னாவ,” என்றார்.

“மதுர இவ்வளவு பக்கத்துல இருக்குன்னு எங்களுக்கே இன்னைக்குத்தான் சார் தெரியும்,” என்றான் ஜெரால்டு.

மறுநாள் காலை பர்னபாஸ் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம் ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. அதில் எண் ஒன்றுகூட இல்லை; ஒரு பெயர்தான் இருந்தது. அதற்குள் சிவபாலன் போலீசிடம் வேறொரு கதை கட்டியிருந்தான்: டயரில் ஏதோ கல் தட்டியது என்று நினைத்தானாம், ஆள் என்று தெரியவே தெரியாதாம். வக்கீல் சொல்லிக்கொடுத்த கல்.

கோர்ட்டு வராந்தாவில் செல்லக்கனியின் மகள் பிரேமா நின்றிருந்தாள். கல்லூரியில் படிக்கிற பெண். பர்னபாஸ் வெளியே வந்ததும் எதிரில் வந்து வழியை மறித்தாள். கும்பிடவில்லை, அழவில்லை.

“அவன் எங்கம்மாவப் பாத்தானா சார்? கல்லுன்னு நெனச்சேங்கான்.”

டயானா அப்பாவின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இந்தக் கேள்விக்கு ஒரு பொய் சொல்லிவிடலாமே என்று ஜெரால்டுக்குக்கூடத் தோன்றியது. சந்தனச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தாம்ளா,” என்றார் பர்னபாஸ். “நல்லாப் பாத்துட்டுத்தான் போனான்.”

பிரேமா வழியை விட்டு விலகி நின்றாள்.

“அது போதும் சார். எல்லாரும் எங்கிட்ட கல்லுன்னே சொல்லிக்கிட்டு இருந்தாவ,” என்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.